மில், கிளிக், கானல்

திருவண்ணாமலை ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். ஊருக்கு வெளியே, கோபுரத்தின் அடிநிலை மறையாமல் தெரிகிற ஒரு மொட்டைமாடியில் ஏறி நின்று, உள்ளே அளவுக்கோடு பொறித்த ராணுவ பைனாகுலரை ஒருவர் அதன்மேல் திருப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து கலசம் வரை 22 மில் என்று கோடு காட்டுகிறது. 66-ஐ 22-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 3,000. கோபுரம் 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நாடா பிடிக்க வேண்டியதில்லை, ஜிபிஎஸ்ஸும் வேண்டாம்.

மில் என்பது கோணத்தின் அளவு. ஆயிரம் மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு மீட்டர் உயரப் பொருள் கண்ணில் எவ்வளவு கோணம் பிடிக்கிறதோ, அது ஒரு மில். நூறு மீட்டரில் அதே கோணத்துக்குள் 10 செ.மீ. அடங்கும். தொலைதூர இலக்குச் சுடுதலில் இறங்க ஆசைப்பட்டு ஸ்கோப் வாங்கக் கிளம்புகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை எக்ஸ்?" என்றுதான். பெரிதாக்கும் திறனுக்கும் இடம் உண்டு. ஆனால் பார்க்க வேண்டியவற்றின் வரிசையில் அது நாலாவதோ ஐந்தாவதோதான். ஸ்கோப் முதலில் ஒரு கோணமானி. (கோணமானிதானே என்று துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப்பால் கோபுரத்தைப் பார்க்கக் கூடாது. இலக்குப் பலகையைத் தவிர எதன்மீதும் குழாயைத் திருப்புவதில்லை என்பது எந்த ரேஞ்சிலும் முதல் நாள் பாடம்.)

நம் ஊர்ப் பக்கம் சுடுதல் கற்க வருகிறவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒலிம்பிக்கில் உள்ள ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. கடலூரில் பிறந்து டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவன் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அதில் இருப்பது பீப் சைட் எனப்படும் ஊசித்துளைக் குறிவைப்பான். அதைக் கொண்டு அவர்கள் குறிவைக்கும் பத்தாம் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு. கோணத்தில் சொன்னால் 0.05 மில்; ஆயிரம் மீட்டருக்குக் கொண்டுபோனால் 5 செ.மீ. உருப்பெருக்கம் எதுவும் இல்லாமலே இந்தத் துல்லியம் கைகூடும் என்பதை, ஸ்கோப் விளம்பரங்களைப் புரட்டும்போது மறக்காமல் இருப்பது நல்லது.

சட்டமும் தொடக்கக்காரரை அந்தப் பக்கமே தள்ளுகிறது. 4.5 மி.மீ. குண்டு, 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. 0.22 அங்குல ரைஃபிளுக்கே உரிமம் வேண்டும். அதற்கு மேல் போனால் கெடுபிடி இன்னும் அதிகம். ஆகவே இங்கே ஸ்கோப்போடு பழகுகிறவர்களில் பலருக்கு முதல் படி ஏர் ரைஃபிள், அடுத்தது 0.22.

பிறகு ஸ்கோப் யாருக்கு? ஆயிரம் கஜம் வரை சுடும் போட்டிகளுக்கு வயது அதிகம். 1860 ஜூலை 2 அன்று லண்டனை ஒட்டிய விம்பிள்டனில், தாங்கியில் நிறுத்திய விட்வொர்த் ரைஃபிளை விக்டோரியா ராணி 400 கஜத்துக்கு ஒருமுறை சுட்டுத் தொடங்கிவைத்த போட்டி, பின்னர் பிஸ்லிக்கு இடம் மாறி இன்றும் நடக்கிறது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின்போது அதே மரபில் பெரிய தோட்டா ரைஃபிள்களுக்கான ஃபுல்போர் பிரிவு, குருகிராமை அடுத்த காதர்ப்பூரில் உள்ள சி.ஆர்.பி.எஃப். வளாகத்தில் நடந்தது. அங்கேயும் லென்ஸ் வைத்த ஸ்கோப் கிடையாது; துளைக் குறிவைப்பான்தான். வயதாகிக் கண் மங்கிய கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்க்கர்சன், ஸ்கோப்பும் தாங்கியும் வைத்துக்கொண்டு தன்போன்றவர்கள் தொடர்ந்து சுட ஒரு பிரிவு வேண்டும் என்று கிளம்பியதில் பிறந்ததுதான் எஃப் கிளாஸ். பெயரில் உள்ள 'எஃப்' அவருடையது. ஆயிரம் கஜத்தில் ஸ்கோப் தன் முழுத் திறமையையும் காட்ட வேண்டிய களம் இதுவே.

எஃப் கிளாஸ் இலக்கில் பத்தாம் வளையத்தின் அகலம் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பஞ்சாங்கத்தில் கிரகநிலைக்குப் போடுகிற அதே கலைதான், சுடுகிறவர்கள் எம்.ஓ.ஏ. என்பார்கள். ஆயிரம் மீட்டரில் அது 29 செ.மீ. அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் அதில் பாதி, 14.5 செ.மீ. இப்போது ஸ்கோப்பின் மேல் குமிழுக்கு வருவோம். டரட் என்று சொல்லப்படும் அந்தக் குமிழைத் திருகினால் 'டிக்' என்று விரல் நுனியில் ஒரு சின்ன உதை படும். அது ஒரு கிளிக். கிளிக் ஒன்றுக்கு 0.1 மில் நகரும் ஸ்கோப்பில், ஆயிரம் மீட்டரில் குறி 10 செ.மீ. தாவுகிறது. பதினாலரை செ.மீ. வட்டத்தின் நடுவைத் தேடுகிறவருக்கு இது முரட்டுத் தாவல். ஒரு கிளிக் குறைத்தால் ஒரு ஓரம், கூட்டினால் மறு ஓரம். அதனால்தான் எஃப் கிளாஸ்காரர்கள் எட்டில் ஒரு பங்கு கலை நகரும் டரட்டைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதில் ஒரு கிளிக் ஆயிரம் மீட்டரில் 3.6 செ.மீ.தான். மாறாக, வெவ்வேறு தூரங்களில் உள்ள எஃகுத் தகடுகளை நேரக் கணக்கில் சுடும் போட்டிகளில் 0.1 மில்லே வசதி. அங்கே வேகமாக எண்ணித் திருக வேண்டும்; தகட்டின் எந்த இடத்தில் பட்டாலும் புள்ளிதான்.

டரட் எவ்வளவு தூரம் சுற்றும் என்பதையும் கேட்டாக வேண்டும். 0.308 வகைத் தோட்டா நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும், 100 மீட்டருக்கு ஜீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்த, கோட்டிலிருந்து பார்த்தால், ஆயிரம் கஜம் போய்ச் சேர்வதற்குள் சுமார் 10 மீட்டர் இறங்கிவிடும். அதை ஈடுகட்ட 11 மில் அளவுக்கு ஏற்றியாக வேண்டும். ஒரு ஸ்கோப்பின் மொத்தச் சுற்று 20 மில் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், சமமட்டமாகப் பொருத்தியதும் பாதி கீழ்ப்பக்கம் வீணாகும். மேலே மிஞ்சுவது 10. கடைசி இலக்குக்கு முன்பே டரட் முட்டி நின்றுவிடும். இதற்காகவே முன்புறம் லேசாகச் சரியும்படி, இருபது கலைச் சாய்வோடு செய்த அடித்தளங்கள் விற்கிறார்கள். நல்ல ஸ்கோப்பை வாங்கிவிட்டு இந்தச் சின்ன இரும்புத் துண்டில் சிக்கனம் பிடிக்கிறவர்கள், ஆயிரம் கஜக் கோட்டில் படுத்த பிறகுதான் வருத்தப்படுவார்கள்.

ஸ்கோப் குழாயின் தடிமனைப் பற்றி ஒரு கட்டுக்கதை உலவுகிறது. 25.4 மி.மீ. குழாயைவிட 30 மி.மீ. குழாய் அதிக ஒளி தரும், 34 அதைவிட அதிகம் என்பார்கள். ஒளியை அள்ளுவது முன்னால் இருக்கும் பொருளருகு லென்ஸ். தடித்த குழாய் கொடுப்பது, உள்ளே இருக்கும் சிறு குழல் மேலும் கீழும் நகர இடம். அதாவது இன்னும் கொஞ்சம் மில். தொலைதூரத்துக்கு அது தேவைதான், ஒளிக்காக இல்லை.

0.22-ஐ வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் பெரிய ரைஃபிள்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒலியின் வேகத்தைவிடச் சற்றே மெதுவாகப் போகும் அந்தக் குண்டு, 50 மீட்டருக்கு ஜீரோ செய்திருந்தால், 200 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். கோணத்தில் பார்த்தால், 0.308 அறுநூறு மீட்டருக்கு மேல் போய்க் கேட்கும் ஏற்றத்தை இது இருநூறிலேயே கேட்கிறது. ஆயிரம் கஜ ரேஞ்ச் அருகில் இல்லாதவர்களுக்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது.

இனி அந்த எக்ஸ் கணக்கு. லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு 116-ஐ அதால் வகுத்தால், அந்த லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம் விகலையில் கிடைக்கும். அறுபது விகலை ஒரு கலை. வானியலாளர்கள் இரட்டை நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்து வகுத்த விதி இது. 50 மி.மீ. லென்ஸுக்கு விடை 2.3 விகலை. சாதாரண மனிதக் கண்ணுக்கு எல்லை 60 விகலை, அதாவது ஒரு கலை. அறுபதை 2.3-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26 வருகிறது. லென்ஸ் பிடித்துக் கொடுக்கும் நுணுக்கம் அத்தனையையும் கண்ணுக்குக் காட்ட 26 மடங்கு போதும் என்று பொருள். அதற்கு மேல் ஏற்றினால் படம் பெரிதாகும். புதிதாக எதுவும் தெரியாது. கண் அயராமல் குறிவைக்க 40 மடங்கு வசதி என்று சொல்லும் போட்டியாளர்கள் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் 60 மடங்குக்காகக் கொடுக்கும் பணம் நுணுக்கத்துக்குக் கொடுக்கும் பணம் அல்ல.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலிருந்து விழுகிறது. 2.3 விகலை என்பது ஆயிரம் கஜத்தில் ஒரு செ.மீ. 0.308 தோட்டா போட்ட துளையோ 7.8 மி.மீ. அப்பழுக்கற்ற காற்றிலும், அப்பழுக்கற்ற கண்ணாடியிலும், 50 மி.மீ. லென்ஸ் அந்தத் துளையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் நிலையில் இல்லை. பாரம்பரிய ரேஞ்சுகளில் இலக்குக்குக் கீழே பள்ளத்தில் ஆள் உட்கார்ந்து, ஒவ்வொரு குண்டுக்கும் பலகையை இறக்கி, துளையில் வட்டமான வண்ணத் தகடு செருகி மேலே ஏற்றுவது இதனால்தான்.

வெளிச்சக் கணக்கு நம் ஊரில் இன்னும் சுலபம். லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் தெரியும். 50 மி.மீ. லென்ஸை 10 மடங்கில் வைத்தால் 5 மி.மீ., 25 மடங்கில் 2 மி.மீ. சித்திரை வெயிலில் கண்பாவை இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிக் கிடக்கும். அதைவிட அகலமான ஒளிவட்டம் கருவிழியின் மேல் விழுந்து வீணாகும். ஐரோப்பியக் காட்டில் அந்தி மயங்கும் நேரத்துக்கென்று செய்த 56 மி.மீ. லென்ஸின் பிரகாசத்துக்காக இங்கே யாரும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

காற்று என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள ஜவ்வாது மலை வரை போனால் போதும். திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த மலையில், காவலூரில் உள்ள வைணு பாப்பு ஆய்வகத்தில் 2.34 மீட்டர் விட்ட ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. 116 விதியின்படி அது 0.05 விகலை வரை பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் காற்றின் நடுக்கம் நட்சத்திரத்தின் படத்தை ஒரு விகலைக்கும் மேலாகப் பரப்பிவிடுகிறது. அதுவும் மலை உச்சியில், இரவில், வானத்தை நோக்கிப் பார்க்கும்போது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது கோளின் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்டதில் பங்கு வகித்த காவலூரின் ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி நம்பியிருந்தது உருப்பெருக்கத்தை அல்ல, நட்சத்திர ஒளி எந்த நொடியில் மங்கியது என்கிற அளவீட்டை.

சுடுகிறவரோ, வெந்த தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில், ஒரு கிலோமீட்டர் தடிமனான சூடான காற்றைப் படுக்கைவசமாகத் துளைத்துப் பார்க்கிறார். கிரிவலப் பாதையில் பகல் பன்னிரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு அந்தத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உயரே போகப் போக மீட்டருக்கு ஒரு டிகிரி வெப்பம் குறைகிறது என்றும், வழி நெடுக அதே நிலை என்றும் வைத்துக்கொண்டால், ஆயிரம் மீட்டருக்குள் ஒளிக்கதிர் சுமார் 40 செ.மீ. வளைகிறது. இலக்கு இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே தெரியும். பத்தாம் வளையத்தின் அகலமே 29 செ.மீ. காலை ஏழு மணிக்கு ஜீரோ செய்த ரைஃபிள் பதினோரு மணிக்கு வேறு இடத்தில் சுட்டால், ஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன் தரையைத் தொட்டுப் பார்க்கலாம்.

இதே தொல்லையை இந்தியாவை அளக்கப் புறப்பட்டவர்களும் பட்டார்கள். 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டுத் தொடங்கிய வில்லியம் லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஊர் ஊராகச் சுமக்க வைத்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது அது மோதிச் சேதமானது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், பகல் கானலோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, தொலைவில் விளக்கேற்றி வைத்து இரவில் கோணம் அளந்தார். கார்த்திகை இரவில் அண்ணாமலை உச்சித் தீபத்தை வெகு தூரத்து ஊர்களிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த முறையின் நியாயம் புரியும்.

போட்டிக்காரருக்கு இரவு வாய்ப்பு இல்லை. அதனால் கானலைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தால் காற்றலைகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும்: இடமிருந்து வலம் ஓடினால் காற்றும் அப்படியே, நேர் மேலே கொதித்தால் காற்று நின்றிருக்கிறது, அல்லது முகத்துக்கு நேராகவோ முதுகுப் பக்கமிருந்தோ வீசுகிறது. இந்த வாசிப்புக்கு இருக்கும் மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. நொடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, மேலே சொன்ன 0.308 தோட்டாவை ஆயிரம் கஜத்தில் சுமார் இரண்டரை மீட்டர் தள்ளுகிறது. காற்றின் வேகத்தைக் கணிப்பதில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே 25 செ.மீ. போய்விடும், குண்டு பத்தாம் வளையத்துக்கு வெளியே விழும். கானல் கொதிக்கும் நேரத்தில் அனுபவசாலிகள் 40 மடங்கிலிருந்து 20-க்கு இறங்கிவிடுவார்கள். படம் சிறிதானாலும் நடுக்கமும் சிறிதாகிவிடும். குறைந்த பக்கத்திலும் நல்ல படம் தருகிற ஸ்கோப்பாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காக.

உருப்பெருக்கத்தை இப்படி மாற்றுகிறவர் கவனிக்க வேண்டியது குறுக்குக் கோடு எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதை. முதல் குவியத் தளத்தில் இருந்தால், படம் பெரிதாகும்போது கோடும் கூடவே பெரிதாகும். ஒரு மில் எந்த மடங்கிலும் ஒரு மில். இரண்டாம் தளத்தில் இருந்தால் கோடு அப்படியே நிற்கும், மில் கணக்கு ஒரே ஒரு மடங்கில் மட்டும் சரியாக வரும். கோடு தடிக்காமல் மெல்லியதாக இருக்கும் என்பதால் எஃப் கிளாஸில் பலர் இரண்டாவதையே விரும்புகிறார்கள். கோட்டைப் பிடித்துக் காற்றுக்கும் தூரத்துக்கும் ஈடுகொடுக்கிற தகட்டுப் போட்டிக்காரர்களுக்கு முதலாவது.

ஏர் ரைஃபிளில் தொடங்குகிறவருக்குத் தனியாக இரண்டு எச்சரிக்கை. சுருள்வில் ஏர் ரைஃபிளில் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்ந்து முட்டுவதால், துப்பாக்கி முதலில் பின்னாலும் பிறகு முன்னாலும் உதைக்கிறது. பெரிய ரைஃபிளின் ஒருபக்க உதையைத் தாங்குவதற்கென்று செய்த ஸ்கோப்புகள் சில இந்த இருபக்க உதையில் லென்ஸ் கழன்றுபோகும். ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். அடுத்தது பாரலாக்ஸ், பள்ளிக்கூடத் தமிழில் இடமாறு தோற்றப் பிழை. இலக்கின் பிம்பம் குறுக்குக் கோட்டின் தளத்தில் விழாமல் முன்னேபின்னே விழுந்தால், தலை அசையும்போது கோடும் இலக்கின்மேல் நீந்தும். 100 கஜத்துக்குப் பூட்டிவைத்த ஸ்கோப்பை 10 மீட்டரில் பயன்படுத்தினால் இது கண்கூடாகத் தெரியும். பத்து மீட்டர் வரை இறங்கும் பக்கக் குமிழ் இருந்தால், ரைஃபிளைத் தாங்கியில் வைத்துத் தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்து, கோடு நீந்துவது நிற்கும்வரை திருகிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் தோன்றிய ஃபீல்ட் டார்கெட் ஏர் ரைஃபிள் போட்டியில் இதையே தூரமானியாக மாற்றிவிட்டார்கள்: அதிக மடங்கில் குவியத்தின் ஆழம் மெலிந்துவிடுவதால், படம் எந்த இடத்தில் தெளிகிறதோ அந்த இடத்துக் குமிழ் எண்ணே தூரம். உயர்ந்த எக்ஸுக்கு உண்மையான வேலை இருக்கிற அபூர்வமான இடம் அது.

எடையும் விதிக்குள் வரும். எஃப் கிளாஸின் எளிய பிரிவில் ரைஃபிள், பைபாட் எனப்படும் இருகால் தாங்கி, ஸ்கோப் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. முக்கால் கிலோ ஸ்கோப்புக்கும் ஒன்றேகால் கிலோ ஸ்கோப்புக்கும் உள்ள அரைக் கிலோ வித்தியாசத்தில் கனமான துப்பாக்கிக் குழாய் ஒன்றைப் போட முடியும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கிய ஸ்கோப் உண்மை பேசுகிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை போதும். 100 மீட்டரில் உயரமான பலகை நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அந்த நூலை ஒட்டி நேர்க்கோடு வரைய வேண்டும். அடியில் ஒரு புள்ளி. அதையே குறிவைத்து முதலில் சில குண்டுகள். பிறகு டரட்டை 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து இன்னும் சில. இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்துக்குச் சரியாக ஒரு மீட்டர் மேலே, கோட்டின்மேல் விழ வேண்டும். கோட்டை விட்டு ஒதுங்கினால் ஸ்கோப் சாய்ந்து பொருந்தியிருக்கிறது. ஒரு பாகைச் சாய்வு ஆயிரம் கஜத்தில் 17 செ.மீ. பக்கவாட்டில் தள்ளும், குட்டி ரசமட்டம் ஒன்றை வைத்து அதைச் சரிசெய்துவிடலாம். ஒரு மீட்டருக்குப் பதில் 98 செ.மீ. வந்தால் டரட்டில் இரண்டு சதவீதம் பிழை. ஆயிரம் கஜத்தில் 20 செ.மீ. குண்டின் இறக்கத்தைக் கணக்கிடும் செயலியில் அந்த விகிதத்தை ஒருமுறை ஏற்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் 10 மில் இறக்கிச் சுடும்போது குண்டு பழைய துளைகளுக்கே திரும்பி வராமல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடம் காட்டினால், அதற்கு எந்தச் செயலியிலும் மருந்து இல்லை. கடை ரசீதைத் தேடி எடுக்க வேண்டியதுதான்.